யாரென்று கேட்காதே... எத்தனை இலை என்று கேள்!

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர்களுக்கு ‘அசனம்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில், “இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறேன். கோயில்ல அசனம்” என்றேன். பக்கத்து சீட் அக்கா நிமிர்ந்து பார்த்து, “ஆசனமா? யோகா கிளாஸா?” என்று கேட்டார்.

“இல்லக்கா, சாப்பாடு. ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுறது.”

“ஓ, அன்னதானமா?”

அன்னதானம் அருமையான சொல்தான். ஆனால், அதில் தானம் இருக்கிறது. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். அசனம் என்றால் வெறும் உணவு, அவ்வளவுதான். கொடுத்தது யார், வாங்கியது யார் என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள் இல்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவத்தைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், வானுயர்ந்த கோபுரங்களைக் காட்டுவதற்கு முன் இந்தப் பந்தியைத்தான் காட்டுவேன்.

அடுப்பு மூட்டும் ஜெபம்

அம்மா வழியில் நாங்கள் ஆர்.சி. அப்பா வழியில் சி.எஸ்.ஐ. தூத்துக்குடியில் இது அதிசயமல்ல. ஆகவே, எனக்கு இரண்டு வகை அசனமும் தெரியும். அப்பாவின் கிராமத்து சபையில் பண்டிகை முடிந்ததும் அசன விருந்து நடக்கும். வீட்டுக்கு வீடு வரி கட்டுவார்கள். முதல்நாள் சாயங்காலமே காய் நறுக்க ஆட்கள் கூடிவிடுவார்கள். அம்மா வீட்டில் நேர்ச்சை அசனம். தம்பிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, “பிள்ளை பிழைச்சா புளியம்பட்டி அந்தோணியார் கோயில்ல அசனம் போடுறேன்” என்று ஆச்சி நேர்ந்துகொண்டார்.

தூத்துக்குடி மாவட்டத்தின் உட்பகுதியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது புளியம்பட்டி. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே அந்தோணியாரைத் தேடிவரும் கூட்டத்தில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள், அசனம் கொடுப்பார்கள். நாங்கள் ஒரு வேனில் அரிசி மூட்டை, அண்டா, தேங்காய், விறகு எல்லாம் ஏற்றிக்கொண்டு திங்கள் இரவே போய்ச் சேர்ந்தோம். விடியற்காலையில் அடுப்பு மூட்டியதும் ஆச்சி அடுப்பின் முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அந்த வேலையின் முதல் ஜெபம் அதுதான். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். சாமியார் வந்து மந்திரித்த பிறகு பரிமாற ஆரம்பித்தோம்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். இலை போடும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எங்கள் சொந்தக்காரர்களை எண்ணி இலை எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் முன்பின் தெரியாதவர்கள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஓடிப்போய், “ஆச்சி, அவங்கல்லாம் யாரு?” என்று கேட்டேன்.

கரண்டியைக் கீழே வைக்காமலே ஆச்சி சொன்னார்: “ஏட்டி, யாருன்னு கேக்காத. எத்தன இலைன்னு கேளு.”

விருந்தோம்பலைப் பற்றி அதன் பிறகு எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தைப் பரீட்சைக்காகவும் பிடித்துப்போயும் படித்திருக்கிறேன். ஆச்சியின் அந்த ஒரு வரிக்குள் எல்லாம் அடங்கிவிடுவதாகத்தான் எனக்குப் படுகிறது.

வந்தவர்தான் முதலில் விருந்தாளி

எங்கள் கரையில் கிறிஸ்தவம் வந்த கதையைச் சொல்லும்போது, வந்தவர்களைப் பற்றித்தான் நிறையப் பேசுவோம். வரவேற்றவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கடலிலும் கரையிலும் பெரும் நெருக்கடியில் இருந்தார்கள். அவர்களின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியர்களிடம் பாதுகாப்பு கேட்டார்கள். 1536, 37 வாக்கில் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை இந்தக் கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால், செபம் சொல்லித்தர ஆளில்லை. 1542 அக்டோபரில்தான் பிரான்சிஸ் சவேரியார் வந்தார்.

அவர் வந்த நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்பெயின் நாட்டில் கோட்டை வீட்டில் பிறந்தவர், பாரிஸில் படித்தவர். இங்கே வந்தபோது ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து, செபங்களைத் தமிழில் சொல்லச் சொல்லி, அதை அப்படியே மனப்பாடம் செய்தார். மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். மீனவக் குடிசைகளில் கிடைத்த சோறும் மீனும்தான் சாப்பாடு. மணப்பாட்டில் அவர் தங்கி செபித்ததாகச் சொல்லும் கடலோரக் குகையை இன்றும் பார்க்கலாம்.

அப்படியென்றால், எங்கள் விசுவாசத்தின் முதல் அத்தியாயத்தில் விருந்து வைத்தவர்கள் யார்? மீன் குழம்பு ஊற்றிய வீட்டுப் பெண்கள்தான். அந்தப் பெரிய புனிதர் அவர்கள் திண்ணையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். அவர் சொல்ல வந்த செய்தியை இவர்கள் கேட்டது பிறகு. அதற்கு முன்பே, “சாப்ட்டீயளா?” என்று இவர்கள் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். எங்கள் ஊரில் வேறு எந்தப் பேச்சும் அதற்கு முன்னால் ஆரம்பிக்காது.

அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் இன்னும் ஒருபடி மேலே போனார். ஐம்பது வருடங்களுக்கு மேல் இந்தக் கரையிலேயே இருந்து, தமிழை எழுதவும் பேசவும் முழுதாகக் கற்று, 1600-ல் இங்கேயே இறந்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்ததுதான். புன்னைக்காயலில் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனையும் நடத்தினார். ஆங்கிலத்தில் ‘ஹாஸ்பிடல்’, ‘ஹாஸ்பிடாலிட்டி’ இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். அந்த வேருக்கு விருந்தாளி என்று பொருள். தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதும் ஒரு பொருள். புதிதாக வந்தவர்தான் விருந்து. தெரிந்தவருக்குப் போடுவது உறவு. தெரியாதவருக்குப் போடும்போதுதான் அது விருந்தாகிறது.

இதையெல்லாம் விடுங்கள். பனிமய மாதாவே எங்கள் ஊருக்குக் கப்பலில் வந்தவர்தான். மணிலாவிலிருந்து 1555-ல் அந்தச் சொரூபம் வந்து சேர்ந்ததாக ஊர் மரபு. இப்போதிருக்கும் கோயில் 1713-ல் அர்ச்சிக்கப்பட்டது. 1982-ல் பசிலிக்காவாக உயர்ந்தது. கடல் தாண்டி வந்தவரை ஊரே ‘அடைக்கலத் தாய்’ என்று கூப்பிடுகிறது. வந்தவர் வரவேற்பவராக மாறிவிட்டார்! ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் திருவிழாவில், அந்தத் தாயைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேரிடம், “நீங்க எந்தக் கோயிலு?” என்று கேட்டால் வேறு பெயர்தான் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை.

அடைக்கலம் என்பது எங்கள் மாவட்டத்தில் மாதாவின் பெயர் மட்டுமல்ல, ஊர்ப் பெயரும்கூட. திருச்செந்தூர் பக்கத்தில் அடைக்கலாபுரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன முதலூர், துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்கள் குடியேறுவதற்காக 1799-ல் நிலம் வாங்கி உருவாக்கப்பட்ட ஊர். ஒதுங்க இடமில்லாமல் வந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஆகவே, வாசலில் ஒருவர் வந்து நின்றால் அவரை அடையாளம் தெரியாமல் போகக் கூடாது.

கப்பலிலிருந்து இறங்குபவர்

என் மாமா துறைமுகத்துக்கு வேன் ஓட்டுகிறார். கப்பலில் இருந்து இறங்குகிற மாலுமிகளை டவுனுக்கு அழைத்துவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலைகளில் ஒன்று. கப்பல்காரர்கள் என்றால் கைநிறையக் காசோடு ஊர் சுற்றுபவர்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். மாமா சொல்லித்தான் அவர்களின் பாடு தெரிந்தது.

ஒரு மாலுமி ஒன்பது மாத ஒப்பந்தத்தில் கப்பல் ஏறுவார். சரக்கு இறக்கும் வேலை இப்போது வேகமாக முடிந்துவிடுவதால், கப்பல் கரையில் நிற்கிற நேரம் குறைவு. 2004-ல் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் உலகம் முழுக்க இறுகிய பிறகு, கரைக்கு இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு வாங்குவதும் கஷ்டம். எல்லாம் கூடிவந்தால் மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்கும். “அந்த நேரத்துல என்ன மாமா கேப்பாங்க?” என்றேன்.

“சிம் கார்டு. அப்புறம் சோப்பு, ஷாம்பு. அப்புறம், சர்ச் எங்க இருக்குன்னு கேப்பாங்க. சில பேரு ஒண்ணுமே கேக்க மாட்டாங்க, மண்ணுல சும்மா நடந்தாப் போதும்பாங்க.”

கடலில் இருப்பவர்களின் தனிமையைக் கிறிஸ்தவ சபைகள் வெகுநாள் முன்பே கவனித்திருக்கின்றன. ஆங்கிலிகன் சபையின் ‘மிஷன் டு சீஃபேரர்ஸ்’ 1856-ல் ஆரம்பமானது. இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்று அழைக்கப்படும் கத்தோலிக்க அமைப்பு 1920-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்கியது. துறைமுகத்துக்குத் துறைமுகம் இவர்களின் ஆட்கள் கப்பலேறிப் போய் மாலுமிகளைப் பார்ப்பார்கள். பிரசங்கம் செய்வதற்காக அல்ல. சிம் கார்டு கொடுப்பார்கள், வீட்டுக்குப் பேச வழி செய்வார்கள், சம்பளம் வராதவருக்காகக் கடிதம் எழுதுவார்கள். கொரோனா காலத்தில் உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். அப்போதும் பல துறைமுகங்களில் இவர்கள் கப்பலின் ஏணிப்படி வரை போய், பொட்டலத்தை வைத்துவிட்டுக் கீழே நின்று கை அசைத்துவிட்டு வந்தார்கள்.

கொரோனாவுக்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஒரு கிறிஸ்துமஸ் அன்று மாமா ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியை எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார். பூசை முடிந்து கோயில் வாசலில் தனியாக நின்றிருந்தாராம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவருக்குத் தமிழ் வராது. அம்மா பிரியாணியை வைத்து, “காரமா இருக்கும், தயிர் ஊத்திக்கோங்க தம்பி” என்று தமிழிலேயே சொன்னார். அவர் அதற்கு அவர் பாஷையில் ஏதோ சொன்னார். இருவருக்கும் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் தடுக்கத் தடுக்கத் தட்டைக் கழுவி வைத்தார். பிறகு சித்தியின் மடியில் இருந்த ஆறு மாதக் குழந்தையைக் காட்டி, தூக்கிக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டார். கொடுத்தோம். கப்பலில் இருக்கும்போதே அவருக்கு மகள் பிறந்திருக்கிறாள். அவர் இன்னும் தொட்டதில்லை. ஃபோனில் படம் காட்டினார். குழந்தையைத் திருப்பிக் கொடுக்க அவருக்கும் மனமில்லை, கேட்டு வாங்க எங்களுக்கும் மனமில்லை. கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று மாமாதான் ஹாரன் அடித்தார்.

போகும்போது அம்மா அவர் கையில் ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தார். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து எங்கள் ஊர் பேக்கரிகளில் சுடுகிற அந்தப் பலகாரம் தராமல் விருந்தாளியை வழியனுப்பினால், தூத்துக்குடிக்காரர்களுக்குத் தூக்கம் வராது.

சிறைக்குள் இருப்பவர்

பிரியாணி கொடுப்பது சுலபம் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். மத்தேயு நற்செய்தி 25-ம் அதிகாரத்தில் இயேசு ஒரு பட்டியல் சொல்கிறார். பசித்தவர், தாகமாயிருந்தவர், அந்நியர், உடையில்லாதவர், நோயாளி, கடைசியாகச் சிறையில் இருப்பவர். இவர்களுக்குச் செய்ததைத் தனக்கே செய்ததாகச் சொல்கிறார். சிறையில் இருப்பவர் ஏன் அங்கே இருக்கிறார், குற்றம் செய்தாரா இல்லையா என்று அந்தப் பட்டியலில் விளக்கம் இல்லை.

இதை எங்கள் துறைமுகமே ஒரு முறை நேரில் பார்த்தது. 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை மறித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் பாதுகாப்புப் படகு என்றார்கள் அதில் இருந்தவர்கள். உரிய அனுமதியில்லாமல் ஆயுதங்களோடு நம் கடல் எல்லைக்குள் இருந்தார்கள் என்றது வழக்கு. இந்தியர், எஸ்டோனியர், பிரிட்டிஷ்காரர், உக்ரைனியர் என 35 பேர் கைதானார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது.

நான்கு வருடங்கள்! அந்தக் காலம் முழுக்க அந்த மனிதர்களுக்கும், தூரத்தில் தவித்த அவர்கள் குடும்பங்களுக்கும் துணையாக நின்றவர்களில் ‘மிஷன் டு சீஃபேரர்ஸ்’ அமைப்பும் ஒன்று. தீர்ப்பு எப்படி வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு உதவலாம் என்று காத்திருக்கவும் இல்லை. குற்றமா இல்லையா என்பதைப் பார்க்க நீதிமன்றம் இருக்கிறது. சாப்பிட்டாயா, வீட்டில் பேசினாயா என்று கேட்க யாராவது வேண்டும் அல்லவா? ஆச்சி சொன்ன அதே கணக்குதான், இலைக்குப் பதில் சிறைக் கம்பி.

பக்கத்து இலை

ஆனால், கடல் தாண்டி வந்தவருக்கு விருந்து வைப்பதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. அது அடுத்த தெருக்காரரைப் பக்கத்து இலையில் உட்காரவைப்பது. இதைச் சொல்லாமல் விருந்தோம்பலைப் பற்றி எழுதினால் அது முழுக் கதையாகாது.

திருநெல்வேலி மாவட்டத்தில் வடக்கன்குளம் என்றோர் ஊர். அங்கே 1872-ல் கட்டிய கோயிலுக்குள், சாதிக்கொரு பக்கமாக மக்கள் தனித்தனியே நின்று பூசை காணும்படி நடுவில் தடுப்பு இருந்தது. பீடம் ஒன்று, அப்பம் ஒன்று, பந்தி இரண்டு! 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். அது மீண்டும் வேண்டும் என்று கேட்டவர்களின் வழக்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. தடுப்பு போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. அதன் நிழல் எல்லா இடத்திலிருந்தும் போய்விட்டதா? தமிழ்நாட்டில் இன்றும் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைகள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. செய்தி வேலையில் இருப்பதால் அந்தப் பிரச்னைகள் அவ்வப்போது என் மேஜைக்கும் வருகின்றன.

கல்லூரி நாளில் என் வகுப்புத் தோழன் ஒருவனை ஒரு கிராமத்து அசனத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பந்தியில் எங்களுக்கு எதிரே இருந்த ஒரு பெரியவர் அவனிடம் சிரித்துக்கொண்டே, “தம்பிக்கு எந்த ஊரு?” என்றார். சொன்னான். “அங்க எந்தத் தெரு?” என்றார். அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

அப்போது ரச வாளியோடு வந்த ஒரு அக்கா பெரியவரைப் பார்த்துச் சொன்னார்: “பாட்டையா, பிள்ளைக்கு ரசம் ஊத்தணும். கேள்வியக் கொஞ்சம் தள்ளி வைங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவரும் சிரித்து மழுப்பினார். தோழன் சாப்பிட்டு முடித்தான். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, “கறிக்குழம்பு நல்லாருந்துச்சு. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கப்போறது அந்த ரசம்தான்” என்றான்.

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த ஊரில் நடந்த பிரசங்கமும் நினைவில்லை. அவர் ரசம் ஊற்றியதைத்தான் நான் பிரசங்கமாக எடுத்துக்கொண்டேன். பந்தி ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. அதில் உட்கார்ந்தவரின் தொண்டையில் சோறு நிம்மதியாக இறங்க வேண்டும். அப்போதுதான் அதற்கு விருந்து என்று பெயர்.

நாங்கள் விருந்தாளியான மூன்று நாட்கள்

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து நான் வெள்ளச் செய்திகளை மணிக்கு மணி ஏற்றிக்கொண்டிருந்தேன். இன்னொரு ஃபோனில் அம்மாவின் நம்பர், ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அன்று நான் திரும்பத் திரும்பப் படித்த செய்தி ஒன்று உண்டு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. சுமார் 800 பயணிகள். நாலாபுறமும் தண்ணீர். பக்கத்திலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள், தங்கள் வீடுகளுக்கே வெள்ளம் மிரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஊர் அம்மன் கோயிலில் அரிசியைச் சேர்த்துச் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். ரயிலில் இருந்தவர்கள் எந்த ஊர், என்ன சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்டதாகச் செய்தியில் இல்லை. எத்தனை பேர் என்பது மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள்தான் அம்மா லைனில் கிடைத்தார். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் முஸ்லிம் குடும்பம் அம்மாவையும் அப்பாவையும் ஆச்சியையும் மேலே அழைத்துப் போய்விட்டது. மூன்று நாட்களும் அவர்கள் வீட்டுச் சாப்பாடு, அவர்கள் வீட்டுப் பாய். இரண்டாம் நாள் கேஸ் தீர்ந்து, மொட்டைமாடி மூலையில் செங்கல் அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள்.

“எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவங்க ராணி மாதிரி பாத்துக்கிட்டாங்க. ஆனா, நம்ம கை நீட்டி வாங்குறது கஷ்டமா இருந்துச்சு. இத்தன வருசம் பரிமாறிப் பரிமாறியே பழகிட்டோம்ல” என்றார்.

அந்தப் பதிலை நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நற்செய்தியைப் புரட்டிப் பார்த்தால், இயேசுவுக்குச் சொந்தமாக ஒரு வீடுகூட இருப்பதில்லை. சக்கேயுவின் வீட்டில் சாப்பிடுகிறார். மார்த்தா, மரியா வீட்டில் தங்குகிறார். உயிர்த்தெழுந்த பிறகும் எம்மாவு போகிற வழியில், முன்பின் தெரியாத வழிப்போக்கராகத்தான் இரண்டு சீடர்களோடு நடக்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்குங்கள் என்று அவர்கள் வற்புறுத்தி அழைக்கிறார்கள். பந்தியில் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் அவர் யாரென்று தெரிகிறது. இலை போடும்போது அவர்களுக்குத் தெரியாது. இலை போட்டதால்தான் தெரிந்தது.

திருத்தூதர் பணிகள் நூலில் எங்கள் கடற்கரைக்கு ரொம்பப் பக்கமான ஒரு சம்பவமும் இருக்கிறது. பவுல் ஏறிவந்த கப்பல் உடைந்து, 276 பேர் மால்டா தீவில் கரை ஏறுகிறார்கள். மழை, குளிர். அந்தத் தீவு மக்கள் நெருப்பு மூட்டி அவர்களை வரவேற்கிறார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். பவுல் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. கைதியாக வந்தவர் வேறு. கிறிஸ்தவ விருந்தோம்பலைப் பேசும் வேதத்தில், நெருப்பு மூட்டிய கைகள் கிறிஸ்தவக் கைகள் அல்ல என்பதை நாம் மறக்கக் கூடாது. எதிர்வீட்டு மாடியின் செங்கல் அடுப்பும், புதுக்குடி அம்மன் கோயில் அடுப்பும், மால்டாவில் எரிந்த நெருப்பும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

விருந்தோம்பல் எங்கள் விசுவாசத்தின் சொத்து என்று அதனால் நான் சொல்ல மாட்டேன். எங்கள் விசுவாசம் அதற்குக் கடன்பட்டிருக்கிறது என்பேன். சவேரியாருக்குச் சோறு போட்ட குடிசைக்கும், அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்த மாடிக்கும் பட்ட கடன். விருந்தாளியாக இருந்ததை மறக்காதவர்களால்தான் நல்ல விருந்து வைக்க முடியும் என்று தோன்றுகிறது.

ஒரு பிடி அரிசி

பெரிய அண்டா வைத்து அசனம் போட எல்லோராலும் முடியாது. சென்னையில் நான்கு பேர் பங்குபோட்டு வாழும் வாடகை வீட்டில் எனக்கும் முடியாது. ஆனால், அப்பாவின் ஊர் சபையில் பெண்கள் செய்கிற ஒரு பழக்கம் உண்டு. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை. இல்லாதவர் வீட்டிலும் ஒரு பிடி இருக்கும் என்பதுதான் அதன் கணக்கு. அந்த அரிசி யாருடைய வயிற்றுக்குப் போகும் என்று போடுகிறவருக்குத் தெரியாது.

வெள்ளத்துக்குப் பிறகு ஆச்சி எதிர்வீட்டுக்காரர்களுக்கு என்ன செய்வதென்று ரொம்ப யோசித்தார். பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். கடைசியில் ரம்ஜான் நோன்பு வந்தபோது, தினமும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு தட்டில் பழம் நறுக்கி அனுப்ப ஆரம்பித்தார். இந்த வருடமும் அனுப்பினார். அந்தத் தட்டு ஒருநாளும் காலியாகத் திரும்பி வந்ததில்லை என்று அம்மா புகார் சொல்கிறார்.

எங்கள் வாடகை வீட்டு அடுக்களையிலும் இப்போது ஒரு டப்பா இருக்கிறது. நால்வரில் யார் சோறு வைத்தாலும் ஒரு பிடி கூடுதலாகப் போடுவதென்று பேசிவைத்திருக்கிறோம். ஊரிலிருந்து நேர்காணலுக்கு வருகிற தங்கை, ராத்திரி பஸ்ஸைத் தவறவிட்ட யாரோ ஒருவரின் தோழி, சாப்பாடு கொண்டுவந்து தந்துவிட்டுத் தான் சாப்பிடாமல் நிற்கிற டெலிவரி அண்ணன் என்று யாராவது வந்துவிடுகிறார்கள். போன வாரம் அழைப்பு மணி அடித்தபோது, அடுக்களையில் இருந்த தோழி யார் என்று கேட்கவில்லை. “எத்தன பேரு?” என்றுதான் கேட்டாள்.